லோரீன் குபேனா சொன்னால் சரி

ஆஸ்டினில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு விற்பனை வரி என்று ஒன்று இருப்பதே அது கதவைத் தட்டும் நாள்வரை ஞாபகத்துக்கு வராது. தட்டிய பிறகு யாராவது ஒருவர் அவர்கள் காதில் லோரீன் குபேனாவின் பெயரைப் போடுவார். "அந்தம்மாகிட்ட போயிடு. ஆடிட் பண்றவங்க அவ சொன்னா கேப்பாங்க" என்பார். அது மிகையல்ல. லோரீன் வரித்துறையிலேயே தணிக்கையாளராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவள். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோதும் பொய் சொன்னதில்லை, இந்தப் பக்கம் வந்த பிறகும் சொன்னதில்லை. இல்லாததை இருக்கிறது என்று அவள் சாதித்ததாக ஒரு தணிக்கையாளரும் சொல்ல முடியாது. அதனால் அவள் "இது இப்படித்தான்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்.

ஹாலெட்ஸ்வில் பக்கம் மாடு வளர்க்கிற, செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவள். சான் மார்கோஸில் கணக்கியல் படித்துவிட்டு நேராக வரித்துறைக்குப் போனாள். முதல் சில வருஷங்கள் தீவனக் கடை, பூட்ஸ் கடை, சாசேஜ் தயாரிக்கிற இடம் என்று சுற்றினாள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பில் புரட்டுவாள். கடைக்காரர்கள் முதல் நாள் முறைப்பார்கள். மூன்றாம் நாள் காபி கொண்டுவந்து வைத்து, மகன் சரியில்லை என்று புலம்புவார்கள்.

பிறகு சாஃப்ட்வேர் வந்தது. பெட்டியில் வைத்து விற்றபோது அது சாமான், வரி உண்டு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. கம்பி வழியாக இறங்க ஆரம்பித்தபோதும் சாமான்தான் என்றார்கள். அப்புறம் அது இறங்குவதையும் நிறுத்திவிட்டது. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஓட, வாடிக்கையாளர் மாதாமாதம் பணம் கட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார். டெக்சஸ் அதைத் தகவல் செயலாக்கும் சேவை என்று வகைப்படுத்தி, விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு வரி போட்டது. கம்பெனிக்காரப் பையன்களுக்கு இது தலையில் ஏறவே ஏறாது. "நாங்க எதையும் விக்கலை மேடம், ஒரு அனுபவத்தைக் கொடுக்கறோம்" என்று ஒருவன் லோரீனிடம் சொன்னான். "அனுபவத்துக்கு மாசாமாசம் பில் போடறீங்களா தம்பி?" என்று கேட்டாள் அவள். அவன் போடுவதாக ஒப்புக்கொண்டான்.

வரித்துறையில் அவளுக்குப் பக்கத்து மேஜை ராய்ஸ் ஹேட்லி. வாக்கோவைச் சேர்ந்தவன். உயரமானவன், நன்றாகச் சிரிப்பான், யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்வான். வெளியே போய்த் தனியாக ஆபீஸ் போடலாம் என்பது அவனுடைய யோசனை. "உனக்கு வேலை தெரியும், எனக்கு ஆளுங்களைத் தெரியும். இங்கயே உக்காந்து பென்ஷனை எண்ணிக்கிட்டிருப்பியா?" என்று விடாமல் கேட்டு அவளைக் கிளப்பினான். பர்னெட் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்தார்கள். கீழே காற்றடிக்கும் மெஷின் நாள் முழுக்கச் சீறும். ராய்ஸ் கம்பெனிக்காரர்களோடு சாப்பிடப் போவான், கோல்ஃப் ஆடுவான், வாடிக்கை பிடித்துக்கொண்டு வருவான். அவர்களுடைய கம்ப்யூட்டரிலிருந்து பில் விவரங்களை எடுத்து வரிசைப்படுத்தித் தருவதும் அவன்தான். அதைப் படித்து, எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்து, தணிக்கையாளர் முன்னால் போய் உட்காருவது லோரீன்.

ஆபீஸ் கொஞ்சம் நிமிர்ந்த சமயத்தில் லோரீனின் கணவன் ஜீன் பக்கவாதத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ராய்ஸ் கூடவே இருந்தான். லோரீனைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜீனின் கட்டிலருகே உட்கார்ந்து பேஸ்பால் செய்திகளைப் படித்துக்காட்டுவான். ஜீன் போன பிறகு சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். மகள் கேரலின் கல்லூரிக்குப் போனபோது அவளுடைய கட்டிலையும் புத்தகப் பெட்டிகளையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு லபக் நகரம் வரைக்கும் ஓட்டினான். லோரீனுக்கு ஓர் அண்ணன் உண்டு, டெல்பர்ட். ஊரில் மாடுகளோடு இருக்கிறான். ஆனால் ஒரு கஷ்டமென்றால் அவள் முதலில் கூப்பிடுவது ராய்ஸைத்தான்.

கிரேடி வொயிட்செல் வந்தது இப்படியெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து. மாட்டு டாக்டர்கள், நாய் டாக்டர்கள் எல்லாருக்கும் நேரம் ஒதுக்கவும், எந்த மிருகத்துக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று குறித்துவைக்கவும் ஒரு சாஃப்ட்வேர் செய்திருந்தான். கம்பெனியின் பெயர் ஃபர்லாங். டெக்சஸ் முழுக்க ஓடியது. ராய்ஸுக்கு அவனை இரண்டு வருஷமாகவே பழக்கம். கம்பெனியை வாங்க வெளிமாநிலத்திலிருந்து ஒரு பெரிய இடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வரித்துறை தணிக்கைக்கு வருவதாகத் தகவல் சொல்லிவிட்டது.

லோரீன் எந்தப் புது வாடிக்கையாளரிடமும் முதலில் ஒரு கேள்விதான் கேட்பாள். கிரேடியின் ஆபீஸில், ராய்ஸும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதையே கேட்டாள்.

"தம்பி, கஸ்டமர்கிட்ட வரின்னு சொல்லி எதாவது வாங்கியிருக்கீங்களா?"

"இல்லை மேடம்."

அவள் விளக்கினாள். வரி போட வேண்டும் என்று தெரியாமல் விட்டுவிட்டால் அது தப்பு. ஆனால் அந்த மாதிரித் தப்பைப் பற்றிப் பேசலாம், அபராதத்தைத் தள்ளச் சொல்லிக் கேட்கலாம். வரி என்று சொல்லி வாங்கிவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது கம்பெனிப் பணமே அல்ல, அரசாங்கத்துக்காகக் கையில் வைத்திருக்கிற பணம். அதைச் செலவழித்தால் திருட்டு. கம்பெனியோடு போகாது, ஆளையே பிடிப்பார்கள். "அப்படி எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னிக்குச் சொன்னா வழி இருக்கு. நாளைக்கு அவங்களா கண்டுபிடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கிரேடி ராய்ஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "இல்லவே இல்லை மேடம். வரி இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது" என்றான். அவன் ராய்ஸைப் பார்த்ததை லோரீன் கவனித்தாள். பயந்துபோன பையன், தெரிந்த முகத்தைத் தேடுகிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

பில் விவரங்களை ராய்ஸ் கொண்டுவந்து தந்தான். எதிலும் வரி என்று ஒரு வரிகூட இல்லை. அவள் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள்.

தணிக்கைக்கு வந்தவர் இசித்ரோ காந்து. லரேடோக்காரர். லோரீனும் அவரும் வரித்துறையில் பல வருஷம் ஒன்றாக ஊர் ஊராகச் சுற்றியவர்கள். ஓய்வு பெற அதிக நாளில்லை அவருக்கு. காலையில் தாளில் சுற்றிய இரண்டு டாக்கோவோடு வருவார், ஒன்றை லோரீனுக்குத் தருவார், அப்புறம் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதாடுவார்கள். கிளினிக்குகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்ததற்கு வாங்கிய கட்டணம் தனி, அதற்கு வரி கிடையாது என்றாள் லோரீன். சொல்லிக்கொடுக்காமல் அந்த சாஃப்ட்வேரை எந்த மாட்டு டாக்டர் ஓட்டுவார், இரண்டும் ஒன்றுதான் என்றார் இசித்ரோ. வெளிமாநில கிளினிக்குகளைக் கழித்தார்கள். மீதி இருந்ததற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. நாலு வருஷத்து பில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதா, சில மாதங்களை மட்டும் எடுத்துப் பார்த்துக் கணக்குப் போடுவதா? அதற்கும் முன்னால் அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பினார்.

"பையன் வரி எதுவும் வசூல் பண்ணலையே?"

"பண்ணலை."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி, அப்போ விடு" என்றார் இசித்ரோ. சில மாதங்களை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. பில் விவரங்கள் லோரீன் தந்தபடியே ஏற்கப்பட்டன. தெரியாமல் நடந்த தப்பு என்பதால் அபராதத்தைத் தள்ளும்படி மேலிடத்துக்குப் பரிந்துரை எழுதுவதாகவும் சொன்னார். அன்று சாயங்காலம் கிரேடி ஆபீஸில் எல்லாருக்கும் பீர் வரவழைத்தான். ராய்ஸ் லோரீனின் தோளைத் தட்டி, "இதுக்குத்தான் நீ வேணும்கறது" என்றான்.

ஆகஸ்டில் ஊரில் சர்ச் திருவிழா. லோரீன் எந்த வருஷமும் தவறவிட்டதில்லை. பெரிய அண்டாக்களில் மாட்டுக்கறி கொதிக்கும், பொரித்த கோழியும் சாசேஜும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் தட்டில் விழும், கொட்டகையில் போல்கா வாசிப்பார்கள், கிழவர்கள்கூட எழுந்து ஆடுவார்கள். அண்ணன் டெல்பர்ட் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் டாக்டர் ஓல். டெல்பர்ட்டின் மாடுகளைப் பார்க்கிறவர், பாதி மாவட்டத்துக்கும் அவர்தான் டாக்டர். பேச்சு எப்படியோ விலைவாசியில் வந்து நின்றது.

லோரீனுக்கு வரி வேலை என்பது எல்லாருக்கும் தெரியும். டாக்டர் ஓல் கரண்டியை அவள் பக்கம் நீட்டி, "உங்க ஆளுங்க கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கலையே. அந்த ஃபர்லாங்குக்கு மாசாமாசம் கட்டறேன், அதுக்கு மேல ஒரு வரி" என்றார்.

லோரீன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "ஃபர்லாங்லயா? வரி போடறாங்களா டாக்டர்?"

"சேந்த நாள்லேர்ந்து போடறான். அதிகமா இருக்கேன்னு ஃபோன் பண்ணிக் கேட்டேன். இது எங்களுக்கு இல்லை டாக்டர், அப்படியே அரசாங்கத்துக்குப் போயிடும்னு சொன்னான். எனக்கு மட்டும் இல்லை. ஷைனர்ல என் மச்சினனும் கட்டறான்."

டெல்பர்ட் எதையோ சொல்லிச் சிரித்தான். லோரீனுக்கு அது காதில் விழவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து, வண்டிகள் நிறுத்தியிருந்த புல்தரைக்குப் போய் நின்றாள். கிரேடி பொய் சொல்லிவிட்டான் என்பதுதான் முதலில் தோன்றியது. அது அவ்வளவாகச் சுடவில்லை. வாடிக்கையாளர்கள் பொய் சொல்வதுண்டு. ஆனால் டாக்டர் ஓலின் பில்லில் இருந்த வரி அவள் படித்த விவரத்தில் எப்படி இல்லாமல் போயிற்று? அந்த விவரத்தை எடுத்துக்கொண்டு வந்தது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகும் அவள் அதை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிரேடி ராய்ஸையும் ஏமாற்றியிருப்பான். ராய்ஸுக்கு அவசரத்தில் கண்ணில் பட்டிருக்காது. ஆஸ்டினுக்குத் திரும்பி ஓட்டிய வழியெல்லாம் அவனுக்காக அவளே வாதாடிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ராய்ஸ் அவளுக்கு முன்பே ஆபீஸுக்கு வந்திருந்தான். அவள் உட்காரவில்லை. திருவிழாவில் கேட்டதைச் சொன்னாள். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்தாள், மறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டாக்டருக்கு வாய் கொஞ்சம் நீளம் போல" என்றான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அவன் சொன்ன கதை நீளமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிரேடியால் ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாமல் போனது. வரி என்று வசூலித்துவைத்திருந்த பணத்தை எடுத்தான். அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தான், வைக்கவில்லை, அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. தணிக்கை என்றதும் ராய்ஸிடம் ஓடிவந்து அழுதான். விவரத்திலிருந்து வரிப் பத்தியை எடுத்துவிடச் சொன்னது ராய்ஸ். கம்பெனி விற்றுப்போனால் ராய்ஸுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதையும் அவன் மறைக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ இசித்ரோகிட்ட அப்படிப் பேசியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்." அவன் அவளுக்குப் பாடம் நடத்துகிறவன்போல நிதானமாகப் பேசினான். "உனக்குப் பொய் சொல்ல வராது லோரீன். மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். நீ நம்பிச் சொன்னாத்தான் அந்தாளு நம்புவான். உன்னைச் சிக்கவைக்கக் கூடாதுன்னுதான் உனக்குத் தெரியாம வெச்சேன். உனக்குத் தெரியாது, அதனால உன்மேல தப்பில்லை. நான் உன்னைக் காப்பாத்தியிருக்கேன்."

அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் பொய் சொல்லாமல் அவள் சேர்த்துவைத்த ஒன்றை, அது இருக்கும் இடம் தெரிந்த ஒருவன் எடுத்துச் செலவழித்துவிட்டான். கிரேடி வரிப்பணத்தை எடுத்ததைப் போலவே. அவனாவது அழுதிருக்கிறான்.

"கிரேடியைக் கூட்டிக்கிட்டுப் போய் இசித்ரோகிட்ட நீங்களே சொல்லுங்க. இந்த வாரத்துக்குள்ள."

"முடியாது. கம்பெனி கைமாறப் போகுது."

கிரேடியிடமும் போனாள். அவன் அவளைத் தனியாகச் சந்திக்கவே பயந்து வக்கீலோடு உட்கார்ந்தான். வக்கீல் மரியாதையாகப் பேசினார். மேடம் லைசென்ஸ் வாங்கிய கணக்காளர், வாடிக்கையாளரின் விஷயத்தை அனுமதியில்லாமல் வெளியே சொன்னால் லைசென்ஸ் போகும், அதை நினைவுபடுத்த வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்று நம்புவதாகச் சொன்னார். லோரீனுக்கே அது தெரியும். திருத்தச் சொல்லி வாடிக்கையாளரை வற்புறுத்தலாம், கேட்காவிட்டால் விலகலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாது. கிரேடி மேஜையைப் பார்த்தபடியே இருந்தான். எழுந்து வரும்போது அவள், "தம்பி, உங்களுக்கு வழி இருந்துச்சு. நான் கேட்டேனே" என்றாள்.

அன்றே ஃபர்லாங் விஷயத்தில் தான் இனி பேசப்போவதில்லை என்று வரித்துறைக்கு எழுதிக் கொடுத்தாள். ஆபீஸிலிருந்து தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டயர் கடைக்காரன் பெட்டிகளை வண்டியில் ஏற்ற உதவினான். இடம் மாத்தறீங்களா மேடம் என்று கேட்டான், ஆமாம் என்றாள்.

இசித்ரோ மறுநாள் ஃபோன் செய்தார்.

"என்ன, பாதியில விட்டுட்டுப் போறே?"

"ஆமா."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

அவருக்குப் பின்னால் யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. "முடியாதா, மாட்டியா?"

"முடியாது, இசித்ரோ. என்னைக் கேக்காதீங்க."

"நான் உன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு." வைத்துவிட்டார்.

அவள் வாயைத் திறக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆனால் அவருக்குப் புரிந்தது பாதிதான், தானும் ஏமாந்தவள் என்ற மீதி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. இசித்ரோ சில மாதக் கணக்கைக் கிழித்துப்போட்டுவிட்டு முழுவதையும் திறந்தார். ஃபர்லாங் தந்த விவரத்தை ஒதுக்கிவிட்டு, நேராகக் கிளினிக்குகளையே கேட்டார். டாக்டர் ஓல் மாதிரி எத்தனையோ பேர் தங்கள் கையிலிருந்த பில்களைக் காட்டினார்கள். எல்லாம் வெளியே வந்தது.

அதன் பிறகு நடந்ததை லோரீன் எதிர்பார்க்கவில்லை. கிரேடியின் வக்கீல், தன் கட்சிக்காரர் வரி விஷயத்தை முழுக்க நிபுணர்களிடம் ஒப்படைத்திருந்ததாகச் சொன்னார். எந்த நிபுணர் என்று கேட்டார்கள். தணிக்கையாளரோடு பேசியது யார், விவரத்தைக் கொடுத்தது யார், பார்த்தேன் என்று சொன்னது யார் என்று போய், எல்லாம் லோரீனின் பெயரில் முடிந்தது. ராய்ஸை விசாரித்தபோது, தான் வாடிக்கை பிடிக்கிறவன் மட்டுமே, கணக்கு விஷயம் எல்லாம் குபேனாவின் கையில் இருந்தது என்றான். திங்கட்கிழமைப் பேச்சைப் பற்றிக் கேட்டபோது அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வரும்.

அவள் பதினோரு மாதம் வக்கீல் வீட்டுக்கும் விசாரணை அறைக்குமாக நடந்தாள். கடைசியில், அவளுக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆதாரமில்லை என்றார்கள், தப்பு செய்யவில்லை என்று சொல்லவில்லை. அவளும் ராய்ஸின் மேல் கணக்காளர்களுக்கு லைசென்ஸ் தருகிற வாரியத்தில் புகார் கொடுத்தாள். அங்கேயும் இரண்டு பேர் மூடிய அறையில் பேசிய பேச்சு, சாட்சி கிடையாது. கோப்பு மூடப்பட்டது. கிரேடி வரியையும் வட்டியையும் அபராதத்தையும் கட்டினான். குற்றவழக்குப் போடாமல் பேசி முடித்தார்கள். கம்பெனி குறைந்த விலைக்கு விற்றாலும் விற்றுத்தான் போனது. இப்போது அவனுக்கு டிராவிஸ் ஏரிக்கரையில் வீடு. ராய்ஸ் டவுனில் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மாடியை எடுத்திருக்கிறான். பழைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அவனோடு போனார்கள். அவர்களுக்கு லோரீனின் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

மகள் கேரலின் ஹூஸ்டனிலிருந்து ஓடிவந்தாள். ராய்ஸ் மாமா இப்படிச் செய்திருப்பார் என்று அவளால் நம்பவே முடியவில்லை. எங்கேயாவது தப்பாகப் புரிந்துகொண்டாயா அம்மா என்று ஒருமுறை கேட்டும்விட்டாள். கேட்ட மறுகணமே மன்னிப்புக் கேட்டாள். லோரீன் பரவாயில்லை என்றாள். பெற்ற மகளுக்கே ராய்ஸின் முகத்தைத் தாண்டி வருவது கஷ்டமாக இருக்கிறதென்றால் மற்றவர்களை என்ன சொல்வது? ராத்திரிகளில் அவளைத் தின்றது வேறொன்று. ஆஸ்பத்திரியில் பேஸ்பால் படித்துக்காட்டியவனும் இவனும் ஒரே ஆளா? அப்போது உண்மையாக இருந்து பிறகு மாறினானா, இல்லை அதுவும் ஒரு முதலீடுதானா? பிந்தியதாக இருந்தால் ஜீனின் கடைசி நாட்கள்கூட அவளுக்கு மிச்சமில்லை. முந்தியதாக இருந்தால் இன்னும் மோசம்.

இசித்ரோ ஓய்வு பெற்றபோது சவுத் கான்கிரஸ் பக்கம் ஒரு ஓட்டலில் விருந்து வைத்தார்கள். லோரீனுக்கு யாரும் சொல்லவில்லை, பழைய சிநேகிதி ஒருத்தி வாய்தவறி உளறியதில் தெரிந்தது. வரி கட்டாத ஆளின் விவரத்தைச் சரிபார்க்காமல் ஏற்றதற்காக இசித்ரோவின் மேல் குறிப்பு எழுதியிருந்ததும், வரவேண்டிய கடைசிப் பதவி உயர்வு வராமலே போனதும் அவளிடமிருந்தே தெரிந்தது. லோரீன் போனாள். வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வெளியே வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"உள்ள வரவேண்டாம் லோரீன்" என்றார். அதில் கடுமை இல்லை. "ஆபீஸ் பசங்க எல்லாம் இருக்காங்க."

"வரலை. வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி."

"அன்னிக்கு உங்ககிட்ட சொன்னப்போ எனக்குத் தெரியாது. இப்ப சொல்லலாம், அதான் சொல்றேன். எனக்குக் காட்டினதை நான் பாத்தேன். அதுல இல்லை."

அவர் காலடியில் கிடந்த ஒரு பாட்டில் மூடியைச் செருப்பு நுனியால் தள்ளினார். "நீ சொன்னதை நான் ஒருநாளும் மறுபடி பாத்ததில்லை. ஒருநாளும். அது உன் தப்பில்லை, என் தப்பு."

"நான் பொய் சொல்லலை இசித்ரோ."

அவர் அவளை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ கடைக்காரர்களை அவர் அப்படிப் பார்ப்பதை லோரீன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இன்று அந்தப் பார்வை தன்மேல் விழுந்தது.

"இருக்கலாம்" என்றார்.

உள்ளே யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி நடந்தார். லோரீன் வண்டியில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம். நம்புகிறேன் என்றிருந்தாலும் அழுதிருக்கலாம். இந்த ஒரு சொல்லுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது அவள் ரவுண்ட் ராக்கில், தன் வீட்டின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். பெரிய கம்பெனிகள் வருவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள், அவள் கதையைக் கேள்விப்படாதவர்கள், கேள்விப்பட்டும் வேறு வழியில்லாதவர்கள் வருகிறார்கள். வேலை குறைந்துவிடவில்லை. அவள் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. முதல் கேள்வியை இப்போது அவள் கேட்பதே இல்லை. "உங்க கம்ப்யூட்டர்ல நானே நுழைஞ்சு பாக்கணும், உங்க கஸ்டமர் பத்துப் பேர்கிட்ட நானே பேசணும், சம்மதம்னா வாங்க" என்கிறாள். சிலர் முகம் சுருங்கி எழுந்து போய்விடுகிறார்கள். போன மாதம் சான் அன்டோனியோவிலிருந்து வந்த ஒரு பெண், பள்ளிக்கூட பஸ்களுக்கு சாஃப்ட்வேர் விற்கிறவள், "நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள், கொஞ்சம் புண்பட்டவளாக.

லோரீன் அவளைப் பார்த்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். பொய் சொல்கிற முகமல்ல.

"தெரியும்மா" என்றாள். "பாஸ்வேர்டு குடு."